பத்துக்கு ரெண்டு

வலிக்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லிவைக்கவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தயாராகவாவது போயிருப்பேன். வலியே இல்லை என்றால் பூஜ்ஜியம். உயிர் போகிறது, இனித் தாங்காது என்றால் பத்து. இடையில் எது என்று நாமே சொல்ல வேண்டும். என்னைக் கேட்டபோது, "ரெண்டு இருக்குமுங்க" என்றேன். அந்த ரெண்டு என்னை ஏறக்குறைய மேலே அனுப்பிவைக்கப் பார்த்தது. இப்போது வயிற்றைச் சுற்றிப் பட்டை பெல்ட் கட்டிக்கொண்டு, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. எழுதிவைத்தால் ஃபோனிலேயே அனுப்பிவிடலாம்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. சிங்காநல்லூரில் பம்ப்செட்டுக்கு வேண்டிய வாஷர், வால்வு, பைப் எல்லாம் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். பெரிய படிப்பு இல்லை. ஆனால் என்னை நானே திருத்திக்கொள்வதில் ஒரு கிறுக்கு உண்டு. விடியுமுன் எழுந்து குளக்கரையில் நடப்பது, பச்சைத் தண்ணீரில் குளிப்பது, சர்க்கரையை விட்டது, அரிசியைக் குறைத்துக் கம்புக்கும் ராகிக்கும் மாறியது என்று வருஷத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்வேன். போன வருஷம் பிடித்தது மேடைப் பேச்சு. காந்திபுரத்தில் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு நடக்கிறது. கை கால் உதறாமல் நாலு பேர் முன்னால் பேசப் பழக்கிவிடுகிறார்கள். முதல் நாள் என் பெயரைச் சொல்வதற்குள் சட்டை நனைந்துபோனது. சில மாதத்தில் தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கினேன். எனக்கே என்னைப் பார்த்தால் பெருமையாக இருந்தது.

என் மனைவி மல்லிகாவுக்கு அவ்வளவு பெருமை இல்லை. "நாலு பேத்து முன்னால பேசறக்குக் கிளாஸுங்களாமா! ஊட்டுக்குள்ள ஒருத்தி இருக்கறேன், எங்கிட்டப் பேசறக்குத்தான் வாய் வர்றதில்ல" என்பாள். நான் சிரித்துக்கொண்டே டிஃபனைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

வலி ஆரம்பித்தது பொள்ளாச்சியில், மல்லிகாவின் உறவில் ஒரு கல்யாணத்தில். எங்கள் பக்கத்துப் பந்தியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கே "போதுமுங்க" என்று சொல்வது மரியாதை. அதைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது மரியாதைக் குறைவு. இலைக்கு மேல் கையை விரித்து மறைத்தாலும் விரல் இடுக்கில் பாயசம் இறங்கும். சாப்பிடுகிறவனும் அதை எதிர்பார்த்துத்தான் கையை விரிப்பான். கேட்டு வாங்கித் தின்றான் என்ற பேர் மட்டும் வந்துவிடக் கூடாது. நமக்கு வேண்டியதை எதிராளி தானாகவே கண்டுபிடிப்பார், கண்டுபிடிக்க வேண்டியது அவர் வேலை. இப்படியே வளர்ந்த உடம்பு என்னுடையது.

அன்று நான் நிஜமாகவே போதும் என்றுதான் சொன்னேன். தொப்புளைச் சுற்றி ஒரு மாதிரி மந்தமாக இருந்தது. யார் நம்புவார்கள்? இரண்டு முறை பாயசம் விழுந்தது. கோவைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் வயிற்றுக்குள் எதுவோ இழுத்தது. மறுநாள் அந்த இழுப்பு வலதுபக்கம் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. எங்கள் தெரு முனையில் இருக்கிற டாக்டர் நல்லவர். "எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். "சித்தே மந்தமா இருக்குதுங்க டாக்டர், பெருசா ஒண்ணுமில்லீங்க" என்றேன். சொல்லும்போது நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணச் சாப்பாடு என்றதும் அவரும் சிரித்துவிட்டு வாயுவுக்கு மாத்திரை எழுதித் தந்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்ன நோய்க்கு அது சரியான மருந்துதான்.

அதற்கடுத்த நாள் மதியம் ஒரு அதிசயம் நடந்தது. அதுவரைக்கும் குத்திக்கொண்டிருந்த வலி சட்டென்று விட்டுவிட்டது. கடையில் உட்கார்ந்திருந்தேன். "பாத்தயா அம்மணி, காலையில குடிச்ச சீரகத் தண்ணி வேலை செஞ்சுபோட்டுது" என்று மல்லிகாவுக்கு ஃபோன் செய்து பீற்றிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்துகொண்டேன், அது குணமானதால் வந்த சுகம் இல்லை. பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு வால் தொங்குகிறது. குடல்வால் என்பார்கள், அப்பென்டிக்ஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். அதன் வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே சீழ் கட்டி வீங்கும். வீங்கி வீங்கி ஒரு கட்டத்தில் வெடிக்கும். வெடித்தவுடன் அழுத்தம் குறைவதால் கொஞ்ச நேரம் வலியும் குறையுமாம். அந்த நேரத்தில்தான் நான் சீரகத் தண்ணீருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் தூக்கிப்போட்டது. மல்லிகா என் நெற்றியைத் தொட்டாள், வயிற்றைத் தொடக் கையை நீட்டினாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அதுவரை அப்படி நான் செய்ததே இல்லை. உள்ளே போய் ஆட்டோவுக்கு ஃபோன் செய்துவிட்டு, பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு வந்தவள், "எந்திரிங்க. ஆட்டோ வந்துட்டுது" என்றாள்.

அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. திருநெல்வேலிக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வலி எவ்ளோ இருக்கு சார்? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

"ரெண்டு இருக்குமுங்க."

"ரெண்டுதானா? நடந்து வந்தீங்களா, தள்ளுவண்டியிலயா?"

"நடந்தேதானுங்க. எனக்குப் பரவாயில்லீங்க, அவசரமா இருக்கறவங்களை மொதல்ல பாருங்க."

அவர் பாவம், நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அங்கே கூட்டம் வேறு. பைக்கிலிருந்து விழுந்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள். பத்துக்கு ரெண்டு என்கிற ஆளை உட்காரவைக்கத்தான் செய்வார்கள். உட்கார்ந்தேன். பச்சை நிறப் பிளாஸ்டிக் நாற்காலி. கால்களை மடக்கினால் வலி, நீட்டினால் வலி. நான் நேராக உட்கார்ந்து எதிர்ச்சுவரில் இருந்த கைகழுவும் முறைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்றும் பயமாக இருந்தது.

மல்லிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நேராக டாக்டரம்மாவிடம் போனாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதான், சத்தம் போடத் தெரியாது. ஆனால் அன்று அவள் சொன்னதை அந்தப் பகுதியே கேட்டது.

"ஏனுங்க டாக்டரம்மா, அவரு சொல்ற நம்பரை நீங்க அப்படியே எடுத்துக்கப்படாதுங்க. எங்க பக்கத்து ஆளுங்க ரெண்டுன்னா, அதை நாலால பெருக்கிக்கோணுமுங்க. என் கையைத் தட்டிவிட்டாருங்க அவரு!"

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு வந்தார். என்னைப் படுக்கவைத்து வலதுபக்கம் மெல்ல அழுத்தினார். தாங்கிக்கொண்டேன். பிறகு சட்டென்று கையை எடுத்தார். கண்ணில் நீர் தெறித்துவிட்டது. அழுத்தும்போது இருப்பதைவிடக் கையை எடுக்கும்போது வலி அதிகமானால் வயிற்றின் உள்பக்கத்துச் சவ்வு வெந்துபோயிருக்கிறது என்று அர்த்தமாம்.

"இப்ப எவ்ளோ சார்?"

"பரவா..." என்று ஆரம்பித்தேன்.

"சார்!" என்றார் அவர். "பரவாயில்லைங்கிறது நம்பர் இல்ல."

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள். சி.டி. ஸ்கேன் என்று ஒரு பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து நகர்த்தினார்கள். மருந்து ஏற்றும்போது உடம்பெல்லாம் சுடுதண்ணீர் ஓடுவது போல இருந்தது. குடல்வால் வெடித்துச் சீழ் வயிற்றுக்குள் பரவிவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள். சின்ன ஓட்டைகள் போட்டுச் செய்ய முயற்சி செய்வோம், முடியாவிட்டால் வயிற்றைத் திறப்போம் என்று சொல்லி மல்லிகாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். காப்பீட்டுக்காரர்கள் ஒப்புதல் தர இழுத்தடித்தபோது மல்லிகாவின் தம்பி மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று கவுன்டருக்கு நடந்து நடந்து செருப்பை அறுத்துக்கொண்டான். அது கிடைக்கும் வரைக்கும் காத்திருக்கவில்லை, தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நல்ல மனசை மறக்க மாட்டேன்.

தியேட்டர் வாசலில் மல்லிகா என் மூக்குக்கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கடைச் சாவி எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அவள் "தெரியுமுங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினோம். உள்ளே போகும்போது அவளைத் திரும்பிப் பார்க்க முயன்றேன், கண்ணாடி இல்லாமல் வெறும் புடவை நிறம்தான் தெரிந்தது. செத்துப்போனால் கடைசியாகச் சொன்னது கடைச் சாவியைப் பற்றி என்றாகிவிடுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

சாகவில்லை. கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், இன்னோர் இடத்தில் ஒரு குழாய். கடையில் விற்கிற அத்தனை சைஸும் என் மேலேயே இருந்தது. வயிற்றைத் திறந்துதான் கழுவியிருக்கிறார்கள். மூக்குக் குழாய் வயிற்றில் ஊறுவதை வெளியே எடுக்க. வயிற்றுக் குழாய் மிச்சமிருக்கிற அழுக்கு வடிய.

பிறகு வார்டு. பக்கத்துக் கட்டிலில் கோட்டைமேட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் யூசுப் பாய். என் வயதுதான். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். பாய் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. ஊசி போட வந்தால் ஊசி பக்கத்தில் வருமுன்னே கத்துவார். "சிஸ்டர்! ஓடியாங்க! உசுரு போவுது!" என்று அவர் கூப்பிட்டால் நர்ஸ் ஓடி வருவார். உடனே வலிக்கு மருந்து ஏறும். பாய் சுகமாகக் குறட்டை விடுவார். பக்கத்தில் நான் "கொஞ்சந்தானுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். மனசுக்குள் பாயைத் திட்டிக்கொண்டு கிடப்பேன். இத்தனை பெரிய மனுசன், வெட்கமில்லாமல் கத்துகிறாரே என்று. நிஜத்தைச் சொன்னால் அது பொறாமை.

வலியைப் பொறுத்துக்கொண்டால் வீரம் என்று நான் நினைத்திருந்தேன். வயிற்றில் ஆபரேஷன் ஆனவனுக்கு அது வீரம் இல்லையாம். வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விடுவோம், இருமலை அடக்குவோம். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி கட்டும், நிமோனியா வரும். அதற்காக ஒரு பொம்மை மாதிரி தருகிறார்கள். மூன்று அறை, அறைக்கு ஒரு பந்து. குழாயில் வாய் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். எனக்கு ஒரு பந்தே மனசில்லாமல் எழுந்து உட்கார்ந்தது. குளத்தைச் சுற்றி மூச்சு வாங்காமல் நடந்த ஆள் நான்! பாய் மூன்றையும் தூக்கிவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

நெல்லை டாக்டரம்மா எங்கள் வார்டையும் பார்த்துக்கொண்டார். அவர்தான் ஒரு நாள் கட்டில் ஓரத்தில் நின்று எனக்குப் புரியும்படி சொன்னார்.

"சார், உங்க வயித்துக்குள்ள நல்லாக் கழுவியிருக்கு. ஆனா மூலையில எங்கயாவது கொஞ்சம் தங்கிருச்சுன்னா மறுபடி சீழ் கட்டும். அந்தக் கிருமி ரத்தத்துல கலந்துட்டா ரத்த அழுத்தம் இறங்கும், கிட்னி நிக்கும், ஒவ்வொண்ணா நிக்கும். செப்சிஸ்னு சொல்லுதது அதைத்தான். ஒருதடவை தப்பிச்சுட்டீங்க. புதுசா ஒரு வலி வந்தா நீங்கதான் சொல்லணும். ஸ்கேன்ல பாக்கணும்னாக்கூட எதுக்குப் பாக்கணும்னு எங்களுக்குத் தெரியணும்லா?"

"சரிங்க" என்றேன்.

"இப்ப எவ்ளோ வலிக்கு?"

"மூணுங்க."

அவர் என் மனைவியைப் பார்த்தார். மல்லிகா இரண்டு கையிலுமாக ஏழு விரலைக் காட்டினாள். மருந்து ஏறியது. அன்று இரண்டு பந்து எழும்பின.

அந்த நாட்களில் வீட்டார் காட்டிய அன்பை எழுதாவிட்டால் பாவம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டு வந்து, என் நகத்தை வெட்டிவிட்டாள். ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம் எல்லாம் வந்தார்கள். சோமனூரிலிருந்து வந்த சித்தப்பா, தறியில் நெய்த மெத்தென்ற துண்டு நாலு கொண்டுவந்தார், ஆஸ்பத்திரித் துணி தோலை அறுக்கும் என்று. இதற்கு நடுவில் ஒரு கூத்து. ஆபரேஷனுக்குப் பிறகு குடல் தூங்கிப்போகுமாம். அது விழித்துக்கொண்டதற்கு முதல் அடையாளம் காற்றுப் பிரிவது. அது பிரிந்தால்தான் வாய் வழியாகச் சாப்பாடு. எங்கள் வீட்டில் பேசவே கூச்சப்படுகிற சங்கதி, ஊரே கேட்கிற செய்தியாகிவிட்டது. "ஏனுங்க மாப்பிள்ளை, ஆச்சுங்களா?" என்று மாமனார் ஃபோனில் விசாரித்தார். ஆனபோது மல்லிகா கைகூப்பிச் சாமி கும்பிட்டாள். பாய் "மாஷா அல்லா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் வலித்தது, அதனால் அழுகையும் வந்தது.

இளநீர், கஞ்சி, இட்லி என்று ஏறினேன். குழாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. வராந்தாவில் மல்லிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிகிற வேப்பமரம் வரைக்கும் என் மனசு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர், அதாவது ஆபரேஷன் செய்த சர்ஜன், எங்கள் மண்ணுக்காரர். உற்சாகமான மனுஷர். "இன்னும் ரெண்டு நாள்ல ஊட்டுக்குப் போலாமுங்க" என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தைக்காகவே எல்லாரும் காத்திருந்தோம்.

வீட்டுக்குப் போகலாம் என்ற நாளுக்கு முந்தின சாயங்காலம் அடிவயிற்றில், ஆழத்தில், ஒரு புது வலி ஆரம்பித்தது. தையல் வலி எனக்குப் பழகிவிட்டது. இது வேறு. உட்கார்ந்தால் கீழே ஏதோ அழுத்தியது. ஒரு நடுக்கமும் வந்து போனது. காய்ச்சலுக்கான மருந்தும் ஏறிக்கொண்டிருந்ததால் தெர்மாமீட்டரில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மல்லிகா அப்போதுதான் வீட்டைக் கழுவித் துடைக்கவும் எனக்கு வேட்டி சட்டை எடுத்துவரவும் கிளம்பிக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம். "நாளைக்கு ரசம் வெச்சுத் தாரேனுங்க, மெளகு போட்டு" என்றாள். அவளிடம் எப்படிச் சொல்வது? போகட்டும், காலையில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் சரியாகவில்லை. பெரிய டாக்டர் பரிவாரத்தோடு வந்தார். கூடவே நெல்லை டாக்டரம்மாவும் இருந்தார். பெரியவர் என் தோளில் தட்டி, வாய் நிறையச் சிரித்து, "என்னுங்க, நல்லா இருக்கறீங்களா?" என்றார்.

பாருங்கள், இதுதான் வினை. பத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன். இது எங்கள் ஊரில் கல்யாண வீட்டு வாசலில், பஸ் ஸ்டாப்பில், கடையில், எங்கே பார்த்தாலும் கேட்கிற கேள்வி. இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. என் வாய் அதை என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"நல்லா இருக்கேனுங்க."

"ஜம்முனு ஆயிட்டீங்க! டிஸ்சார்ஜ் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாயின் கட்டிலுக்கு நகர்ந்தார். பாய் தன் குறைகளை வரிசையாக ஒப்பித்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எதிர்வரிசைக்குப் போனார்கள். எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டும். சொன்னால் அவர் முகம் வாடும். மல்லிகா கையில் வேட்டியோடு வந்து நிற்பாள். மச்சினன் கடையைப் பூட்டிவிட்டுக் கார் கொண்டுவருவான். இத்தனை பேர் சந்தோஷத்தையும் கெடுக்க வேண்டுமா? இப்படித்தான் ஓடியது புத்தி. சாவு கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருக்கிறது, நான் மற்றவர்கள் மனசு நோகுமே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்!

அவர்கள் கதவருகே போய்விட்டார்கள். பாய் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குதே?" என்றார்.

எந்தத் தைரியத்தில் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வலதுகையை வயிற்றில் அழுத்திக்கொண்டு, பேச்சு வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசுவது போல, "டாக்டர்!" என்று கத்தினேன். வார்டே திரும்பியது.

"நான் நல்லா இல்லீங்க."

பெரிய டாக்டர் நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க. பொய் சொல்லிப்போட்டேனுங்க. கீழ வயித்துல நேத்துச் சாயந்தரத்துலிருந்து புதுசா வலிக்குதுங்க. நடுக்கம் வந்துச்சுங்க. எட்டுங்க. எட்டுக்குக் கம்மி இல்லீங்க."

சொல்லி முடித்ததும் தேம்பித் தேம்பி அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், துண்டை வாயில் வைத்துக்கொண்டு. யாரும் முகம் வாடவில்லை. பெரிய டாக்டர் வேகமாகத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார், வயிற்றில் கை வைத்தார். "ஸ்கேனுக்கு அனுப்புங்க, இப்பவே" என்றார். டாக்டரம்மா என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பார்த்து முடித்த பிறகும் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை.

இடுப்புக்குள், சிறுநீர்ப்பைக்குப் பின்னால், ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குச் சீழ் கட்டியிருந்தது. வீட்டுக்குப் போயிருந்தால், அடுத்த தடவை நடந்து வந்திருக்க மாட்டீர்கள் என்று பின்னால் சொன்னார்கள். மறுபடி வயிற்றைத் திறக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஒரு நீள ஊசியை உள்ளே விட்டு, அதன் வழியாக மெல்லிய குழாய் வைத்து வடித்துவிட்டார்கள்.

"வலிக்கா சார்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வலிக்குதுங்க."

"இப்ப?"

"இப்பவும் வலிக்குதுங்க. இன்னும் மரத்துப்போகலீங்க."

"அடேங்கப்பா! வாய் திறந்துட்டுல்லா" என்று சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் மருந்து போட்டார்.

மல்லிகா வேட்டி சட்டையோடு வந்தபோது என் கட்டில் காலியாக இருந்திருக்கிறது. ஒரு நிமிஷம் அவளுக்கு உலகமே நின்றுபோயிருக்கும். பாய்தான் எழுந்து உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் நடித்தே காட்டியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அவள் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களேவா சொன்னீங்க?"

"நானேதான் அம்மணி."

"கத்திச் சொன்னீங்களாமா?"

"ஆமா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். ரசம் இன்னும் சில நாள் தள்ளிப்போனது.

வீட்டுக்கு வந்த பிறகும் தேறிக்கொண்டுதான் இருக்கிறேன். நடை தெருமுனை வரைக்கும் வந்திருக்கிறது. கனமான பைப் தூக்கக் கூடாது என்பதால் கடையில் மச்சினன் இருக்கிறான். உடம்பைத் திருத்துகிறேன் பேர்வழி என்று இத்தனை வருஷம் செய்ததெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். நடந்து பழகிய உடம்பு என்பதால்தான் சீக்கிரம் எழுந்தது என்று டாக்டரே சொன்னார். ஆனால் எனக்குத் தேவைப்பட்ட பயிற்சி வேறு என்று தெரிந்துகொண்டேன். அதை இப்போது தினமும் செய்கிறேன். யாராவது வந்து "எப்படி இருக்கறீங்க?" என்றால் கொஞ்சம் நிறுத்தி, உள்ளே பார்த்து, உள்ளதைச் சொல்கிறேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவசரமாக ஒரு ஆப்பிளை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

வீட்டிலேயே கிடப்பதில் ஒரு லாபம், வீட்டைப் பார்க்க முடிகிறது. முன்னெல்லாம் காலையில் போனால் இரவுதான் வருவேன். இப்போது ஹாலில் படுத்தபடி சமையலறையைப் பார்க்கிறேன். மல்லிகா மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுக்க ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கைக்கு எட்டுகிற தட்டுதான் அது. எடுத்தது இடதுகையால். அவள் வலதுகைக்காரி. தலை பின்னும்போது பார்த்தேன், வலதுகை தோளுக்கு மேலே போகவேயில்லை. தலையைத்தான் கைக்குக் குனிந்து கொடுத்தாள்.

"கை என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. புடிச்சிருக்குது."

"வலிக்குதா?"

"சித்தே."

மறுநாளே ஆட்டோ வரச்சொன்னேன். "உங்க உடம்பே இன்னும் தேறலை, எனக்கென்னங்க இப்ப" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எலும்பு டாக்டரின் அறை. தோள்மூட்டைச் சுற்றி இருக்கிற உறை இறுகிப்போய்விடுகிற நோய் என்று பிற்பாடு சொன்னார். பயிற்சி கொடுத்தால் சரியாகும். கொடுக்கிறார்கள், சரியாகிக்கொண்டும் வருகிறது, பின்னல் இப்போது தலையைக் குனியாமலே போடுகிறாள். நான் சொல்ல வந்தது அதற்கு முன் நடந்தது. டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு, "வலி எவ்வளவும்மா? பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் விரலைக் காட்டவில்லை. வாயையும் திறக்கவில்லை. எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

"மூணு இருக்குமுங்க" என்றாள்.

டாக்டர் எழுதக் குனிந்தார்.

"இருங்க டாக்டர்" என்றாள் மல்லிகா. சேலைத் தலைப்பை இடதுகையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஏழுங்க. ரெண்டு வருசமா ஏழுங்க."